களர் மண்ணுக்கு நீலப்பச்சைப்பாசி... பாலாற்றங்கரையில் கைகொடுக்குமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பாலாற்றங்கரையில் பல வயல்கள் வெயில் ஏறினால் வெள்ளையாகப் பூக்கும். பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு, கழுவிய தண்ணீரோடு வந்து மண்ணில் தங்கிவிட்டதன் அடையாளம் அது. இந்தத் தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக, 1996-ம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

இந்த மண்ணை நீலப்பச்சைப்பாசி மீட்குமா?

பாசி என்று சொன்னாலும் இது ஒரு வகை பாக்டீரியா. இதில் பல ரகங்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். 1950-ல் காசி இந்து பல்கலைக்கழக விஞ்ஞானி ஆர்.என்.சிங், உத்தரப் பிரதேசக் களர் நிலங்களை இந்தப் பாசியால் சீர்திருத்தும் வழியை வெளியிட்டார். வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கிப் பாசியை வளரவிடுவதுதான் அந்த முறை. பாசி சுரக்கும் பசை, இறுகிய மண்ணைப் பொலபொலப்பாக்கும். சோடியத்தில் ஒரு பகுதியையும் பிடித்துக்கொள்ளும்.

சுரப்பதில் கெட்டிக்கார உயிர் இது. கடலில் வளரும் ஒரு ரகம் உண்டாக்கும் டோலாஸ்டாட்டின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து உருவான புற்றுநோய் மருந்துக்கு, 2011-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கடல்வாழ் ரகங்களைச் சேகரித்து ஆராய, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தேசிய மையமே இருக்கிறது.

அதே குடும்பத்தில் நஞ்சு சுரப்பவையும் உண்டு. கழிவுநீர் கலந்த குளத்தில் பச்சை பெயின்ட் ஊற்றியதுபோல ஆடை படிந்தால், ஆடு மாடுகளை அங்கே தண்ணீர் குடிக்க விடக்கூடாது. ஈரலைத் தாக்கி உயிரையே பறிக்கும் நஞ்சு அதில் இருக்கலாம். அந்தப் பாசியை அள்ளி வயலில் போடுவதும் ஆபத்து.

வயலுக்கு, ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த பாசி உரம்தான் ஏற்றது. நடவு செய்த 10-ம் நாள், ஏக்கருக்கு 4 கிலோ தூவி, வயலில் மெல்லிய அளவு தண்ணீர் நிறுத்த வேண்டும்.

ஆனால், அதற்கு முன்பே செய்யவேண்டிய வேலைகள் உண்டு. மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதித்து, சிபாரிசு செய்த அளவு ஜிப்சம் இட்டு, வடிகால் அமைத்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். தோல் பதனிடும் குரோமியம் மண்ணில் சேர்ந்திருந்தால், பாசி அதை அகற்றிவிடாது. கழிவுநீர் வருவது நிற்காதவரை எந்த உரமும் அந்த நிலத்தைக் காப்பாற்றாது. அது நின்ற நிலத்தில், பாசி நல்ல கூட்டாளி.