விலை என்ன அக்கா?

இட்லிப் பொடி, மாவடு, ஆரி வேலைப்பாடு செய்த பிளவுஸ், நலங்கு மாவு, ரீசெல்லிங் சேலை. தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு வீட்டில் இவற்றில் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. வாசலில் பலகை இருக்காது. இன்ஸ்டாகிராம் பக்கம் இருக்கும். நடத்துபவர் பெரும்பாலும் ஓர் அம்மா. அவருக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: தினமும் ஒரு ரீல் போடுங்கள், டிரெண்டிங் பாட்டு வையுங்கள், முகத்தைக் காட்டிப் பேசுங்கள். வீடியோ எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இது சரி. காலையில் டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையை வேன் ஏற்றி, மதியத்துக்குள் பார்சல் போட்டு, மூன்றரைக்கு மறுபடி வேனுக்காக நிற்பவருக்கு எப்படிச் சரிப்படும்? பத்து நாள் மூச்சுமுட்டப் போட்டுவிட்டு, பதினோராவது நாள் பக்கத்தைத் திறக்கவே வெறுப்பாகிவிடும்.

எதைப் போடுவது என்று அவர் வெளியே தேட வேண்டியதில்லை. இன்பாக்ஸைத் திறந்தால் போதும்.

“விலை என்ன அக்கா?” “கொரியர் சார்ஜ் தனியா?” “எத்தனை நாள் கெடாம இருக்கும்?” “பூண்டு போடாம கிடைக்குமா?” “பெங்களூருக்கு அனுப்புவீங்களா?” பொடி விற்பவருக்கு மாதம் முழுக்க வருவது சுற்றிச் சுற்றி இப்படிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தாம். ஒவ்வொரு கேள்வியும் ஒரு ரீல் அல்லது ஒரு ஸ்டோரி. பதிலைப் போட்டு ஹைலைட்ஸில் சேர்த்துவிட்டால், 24 மணி நேரத்தில் மறைய வேண்டிய ஸ்டோரி பக்கத்திலேயே நிற்கும். அடுத்தவர் கேட்கும்போது மறுபடி தட்டச்சு செய்யத் தேவையில்லை.

இதில் முதல் கேள்விக்கே பலர் பதில் போடுவதில்லை. “விலைக்கு டிஎம் பண்ணுங்க” என்று எழுதிவிடுகிறார்கள். மெசேஜ் குவிந்தால் ரீச் கூடும் என்று ஒரு நம்பிக்கை. போட்டிக்காரர் விலையைத் தெரிந்துகொள்வாரே என்று ஒரு பயம். போட்டிக்காரரும் ஒரு மெசேஜ் போட்டால் தெரிந்துகொள்ளத்தானே போகிறார்? நஷ்டம் நேரத்தில்தான். விலையைக் கேட்டுவிட்டு “ஓகே அக்கா” என்று நகர்ந்துவிடும் ஒவ்வொருவருக்கும் பதில் தட்டிக்கொண்டிருந்தால் வறுக்கவும் அரைக்கவும் கை ஏது? கால் கிலோ எவ்வளவு, அரைக் கிலோ எவ்வளவு, கொரியர் எவ்வளவு, என்றைக்கு அனுப்புவீர்கள் என்ற நான்கையும் படத்திலேயே எழுதிவிடுங்கள். அதைப் பார்த்த பிறகும் மெசேஜ் போடுபவர் வாங்க வருபவர்.

இன்ஸ்டாகிராம் எதைப் பார்த்து ஒரு வீடியோவைப் பரப்புகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் முக்கியம் என்று அதன் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் வெளிப்படையாகவே சொன்னார். புதிய ஆட்களிடம் போய்ச் சேர மூன்றாவதுதான் கூடுதலாக உதவுகிறது. “எங்களிடம் தரமான பொடி கிடைக்கும்” என்ற வீடியோவை யாரும் தங்கைக்கு அனுப்பமாட்டார்கள். “மழைக்காலத்தில் பருப்புப் பொடி கட்டி தட்டாமல் வைப்பது எப்படி” என்பதை அனுப்புவார்கள். ஆரி வேலை செய்பவர் “அளவு பிளவுஸ் அனுப்பும்போது எதையெல்லாம் பார்த்து அனுப்ப வேண்டும்” என்று ஒரு நிமிடம் பேசினால், கல்யாணப் பெண்ணின் தோழிகள் குரூப்பில் அது சுற்றும்.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிசினஸ் கணக்குகளுக்கு உரிமச் சிக்கலால் எல்லாப் பாடல்களும் கிடைப்பதில்லை. நல்லதாயிற்று என்றே சொல்வேன். இரும்பு வாணலியில் உளுந்து சிவக்கும்போது வரும் சலசலப்பு எந்தப் பாட்டையும்விட நன்றாக இருக்கும். கேமரா வாங்க வேண்டாம்; சம்படத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்து, லென்ஸை முந்தானையால் ஒரு முறை துடைத்து, பின்கட்டு வெளிச்சம் விழும் பக்கம் அடுப்பைப் பார்க்க வைத்தால் போதும். எப்படியும் வறுக்கத்தான் போகிறோம். வெள்ளை உளுந்து பொன்னிறமாகும் அந்தச் சில நிமிடங்களை எடுத்து, மிளகாய் கிள்ளிப் போடுவதையும் கல்லுப்பு சேர்ப்பதையும் தனித்தனித் துண்டாக எடுத்தால், ஒரு நாள் வேலையில் மூன்று நான்கு வீடியோ கிடைத்துவிடும். கை மட்டும் தெரிந்தால் போதும். முகம் காட்ட விருப்பமில்லாதவர் காட்டாமலேயே விற்கலாம்.

எடுத்ததை அன்றன்றைக்கே போட வேண்டியதும் இல்லை. இன்ஸ்டாகிராமிலேயே நேரம் குறித்து வைக்கலாம். மெட்டா பிசினஸ் சூட் இலவசம். பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்து மூன்று நாள் போனைத் தொட முடியாவிட்டாலும் பக்கம் தூங்காது. தினமும் ஒன்று என்று திணறுவதைவிட, வாரத்துக்கு இரண்டு என்று வருடம் முழுக்க வருவது மேல்.

எப்போது போடுவது என்பதற்கு நம் காலண்டரைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. மார்கழியில் கல்யாணம் இல்லை. ஆனால் தை முகூர்த்தத்துக்கான பிளவுஸ்கள் அப்போதுதான் வேலைக்கு வருகின்றன. ஆகவே ஆரிக்காரர் கார்த்திகையிலேயே மாதிரிகளைக் காட்டி, எந்தத் தேதிக்குப் பின் ஆர்டர் எடுக்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளிப் பலகாரத்துக்கு நவராத்திரி முடியும்போதே முன்பதிவு தொடங்கலாம். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம், லஞ்ச் பாக்ஸ் சாதப் பொடிகளுக்கு ஆண்டின் முக்கியமான வாரம்.

இன்ஸ்டாகிராம் ஆளை அழைத்துவரும்; கல்லா வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக், தயார் பதில்கள், இரவில் தானாகப் போகும் செய்தி எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. சொந்த எண்ணில் நடத்தாதீர்கள். தனி சிம் ஒன்று வாங்கிவிட்டால், குடும்பப் படம் உள்ள டிபியும் ஸ்டேட்டஸும் முன்பின் தெரியாதவர் கண்ணில் படாது. இரவு பதினொன்றுக்கு வரும் “ஹாய்”களுக்கும் பூட்டு விழும். பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். பலர் இதை அறியாமல் ‘அனுப்பியும் பதிலே வரலையே’ என்று வருந்துகிறார்கள். “எங்கள் எண்ணை சேவ் செய்யுங்கள்” என்று ஒரு துண்டுச் சீட்டைப் பார்சலுக்குள் வைத்தால் தீர்ந்தது.

போடக் கூடாதவையும் உண்டு. முதலில் பிள்ளைகள். பள்ளிச் சீருடை, வேன் நிற்கும் இடம், வீட்டு வாசல் மூன்றும் சேர்ந்தால் யார் வேண்டுமானாலும் முகவரி கண்டுபிடித்துவிடலாம். குழந்தை சாப்பிடும் வீடியோ நன்றாக ஓடும் என்பது உண்மைதான். பொடியை விற்க அந்தக் குழந்தை வேண்டியதில்லை.

அடுத்தது, “சர்க்கரை நோய் போயே போச்சு” ரகப் பேச்சு. சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உண்டு. வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண்ணை பயோவிலேயே போட்டுவிட்டால் புதியவருக்கு நம்பிக்கை வரும். வீட்டில் சோப்பு செய்து விற்பவர்களுக்கு அழகுசாதனத் தயாரிப்பு உரிமம் தேவை என்பது அநேகருக்குத் தெரிவதே இல்லை. ரீல் ஓடி வெளிமாநில ஆர்டர் வரத் தொடங்கினால் இன்னொன்றும் இருக்கிறது. வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்றால், விற்பனை சிறிதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது பொது விதி. சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெங்களூருப் பார்சலுக்கு முன் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கம் வளர வளர ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். பணம் அனுப்பியதாக ஸ்க்ரீன்ஷாட் காட்டுவார்கள். வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்க்காமல் பார்சல் கட்டாதீர்கள். பணம் பெற யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. கேட்டால் அது திருட்டு. “காப்பிரைட் புகார், உங்கள் கணக்கு முடக்கப்படும்” என்று வரும் லிங்க்கும் அப்படித்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-ஐ அழையுங்கள்.

இவ்வளவையும் கற்றுத்தர ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் ‘மாம்ப்ரனர்’ கோர்ஸ்கள் இன்ஸ்டாகிராம் முழுக்க மிதக்கின்றன. அவற்றில் பல, தினமும் ரீல் போடுங்கள் என்பதையே சுற்றிவளைத்துச் சொல்கின்றன. தமிழ்நாடு அரசின் தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிறது. டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சிகளை அவ்வப்போது தமிழிலேயே நடத்துகிறது. கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.