பாட்டி இறந்தது எனக்கு ஏன் வலிக்கவில்லை?

மாணவர் சிறுகதைகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவற்றில் பாட்டிகள் நிறையப் பேர் இறந்துபோகிறார்கள், பெரும்பாலும் கடைசிப் பத்தியில்.

அப்படி ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவி எழுதுகிறார். கதையில் வரும் பெண்ணைப் பாட்டி ஞாயிறுதோறும் தேக்கா சந்தைக்கு அழைத்துச் செல்வார். பெண் வளர்கிறாள், கைப்பேசியில் மூழ்குகிறாள், பாட்டியோடு போவதை நிறுத்திவிடுகிறாள். ஒருநாள் தனியாகப் பஃப்ளோ ரோட்டில் நடக்கும்போது பூக்கடைக்காரர், “பாட்டி வரலையா?” என்று கேட்கிறார். பாட்டி போன மாதமே இறந்துவிட்டார். ‘என் கண்களில் கண்ணீர் ஆறாகப் பெருகியது’ என்று கதை முடிகிறது.

கதையை ஆசிரியர் வாங்கிப் பார்த்தார். லகர, ளகர, ழகரப் பிழைகளைத் திருத்தினார். விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டுக் கொடுத்தார். கீழே ‘நன்று’ என்று எழுதினார். அம்மா படித்துவிட்டு அழுதார். அது அவருடைய அம்மாவின் நினைவு. கடைசியாக வகுப்புத் தோழி படித்தாள்.

“நல்லாதான் இருக்கு. ஆனா பாட்டி இறந்தது எனக்கு வலிக்கவே இல்ல.”

“ஏன்?”

“தெரியல. ‘பாட்டி அன்பே உருவானவர்’னு நீ சொல்ற. ஆனா அவங்க கதையில ஒரு வார்த்தைகூடப் பேசலையே. யாருன்னே தெரியாத ஒருத்தங்க இறந்த மாதிரி இருந்துச்சு.”

எழுதியவருக்கு இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் கதையைத் திறந்து பார்த்தால், பாட்டி உண்மையிலேயே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

திருத்திய கதையில் பாட்டி பேசினார். கறிவேப்பிலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, “இது நேத்து வந்தது” என்று கடைக்காரரிடமே சொன்னார். பையைத் தூக்கப் பேத்தி கை நீட்டினால், “நான் என்ன கிழவியா?” என்று கேட்டார். பூக்கடையில் எப்போதும் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். ஒன்று வீட்டுச் சாமிப் படத்துக்கு. இன்னொன்று அடுத்த வீட்டுச் சீன மூதாட்டிக்கு. அந்த அம்மாவுக்கு மல்லிகை வாசம் பிடிக்கும் என்பது பாட்டிக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

இப்போது கதையின் முடிவில் பூக்கடைக்காரர் “பாட்டி வரலையா?” என்று கேட்பதில்லை. பேத்தியைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு முழம் அளந்து கட்டிக் கொடுக்கிறார். அவள் இரண்டாவது முழத்தோடு அடுத்த வீட்டுக் கதவின் முன் நிற்கிறாள். இறந்தார் என்ற சொல்லே கதையில் இல்லை. கண்ணீர் ஆறும் வற்றிவிட்டது.

மல்லிகையையோ சீன மூதாட்டியையோ தோழி சொல்லவில்லை. ‘எனக்கு வலிக்கவில்லை’ என்று சொன்னதோடு அவள் வேலை முடிந்தது. மருந்தைத் தேடியது எழுதியவர்தான்.

ஒருவர் கதையை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லும் இந்த ஏற்பாட்டை விமர்சனத் தோழமை என்று சொல்லலாம். இதை ஆசிரியரின் திருத்தத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. ஆசிரியர் மொழியைப் பார்க்கிறார், மதிப்பெண்ணைப் பார்க்கிறார். நாற்பது தாள்கள் மேசையில் காத்திருக்கும்போது அவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. குடும்பத்தார் கதையில் நம்மைப் பார்க்கிறார்கள். கதையைக் கதையாக மட்டும் பார்த்து, ‘இந்த இடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது’ என்று சொல்ல வேறு ஒருவர் வேண்டும்.

எழுதுபவரால் அந்த இடத்தைத் தானே கண்டுபிடிக்க முடியாது. சோம்பலோ திறமைக் குறைவோ இதற்குக் காரணம் இல்லை. பாட்டியின் குரலும் புடவை நிறமும் சந்தையின் ஈரத்தரையும் எழுதுபவரின் மனத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘பாட்டி’ என்ற ஒரு சொல்லைப் படித்தாலே அவருக்கு எல்லாம் வந்துவிடும். தாளில் எவ்வளவு இருக்கிறது, மனத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. தாளில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு படிக்கும் இன்னொருவருக்குத்தான் அது தெரியும்.

இந்த வட்டாரத் தமிழ் எழுத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1950ல் கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். செய்தித்தாள் வழியாகவே சிறுகதை எழுதுவது பற்றிய பாடம். அப்போது சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தமிழ் வாசகர் உலகம் ஏறக்குறைய ஒன்றுதான். தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்துகொண்டே எழுதிப் பார்த்தவர்களுக்கு, தங்கள் எழுத்தை ஒருவர் கூர்ந்து படிக்கிறார் என்பதே பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

அதே தமிழ் நேசனில் சில ஆண்டுகள் கழித்து வேலைக்கு வந்தவர் கு. அழகிரிசாமி. தமிழ்ச் சிறுகதையின் பெரிய பெயர்களில் ஒருவர். 1957ல் தமிழ்நாடு திரும்பும்வரை இங்குள்ள எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கியச் சந்திப்புகளும் நடத்தினார். அவருக்கே ஒரு தோழமை இருந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சின்னக் கிராமம். அங்கே அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சிறுவயது முதல் நண்பர்கள். அழகிரிசாமி ஊரைவிட்டுச் சென்ற பிறகு இருவரையும் இணைத்தது கடிதங்கள். அழகிரிசாமி எழுதியவற்றைக் கி.ரா. பத்திரப்படுத்தி, பின்னாளில் நூலாகவும் கொண்டுவந்தார். அழகிரிசாமி முதலில் எழுத்தாளரானார். கி.ரா. முப்பது வயதைக் கடந்த பிறகே கதை எழுத வந்தார். இருவருமே சாகித்ய அகாடமி விருது பெற்றார்கள். அழகிரிசாமிக்கு அது 1970ல், அவர் இறந்த பிறகு கிடைத்தது. கி.ரா.வுக்கு 1991ல். ஒரே சின்ன ஊரிலிருந்து இரண்டு பேர்! இது தற்செயல்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சிங்கப்பூரில் 1970களின் பிற்பகுதியில் நா. கோவிந்தசாமி ‘இலக்கியக் களம்’ அமைப்பைத் தொடங்கினார். அவரைத் தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவராகத்தான் இன்றைய மாணவர்கள் அறிந்திருப்பார்கள். அதற்கு முன்பே அவர் சிறுகதை எழுத்தாளர், கறாரான வாசகர். இங்கு வெளிவந்த கதைகளை எடுத்துவைத்துப் பேசுவதுதான் இலக்கியக் களத்தின் வேலை. இப்போதும் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் ‘கதைக்களம்’ நடத்துகிறது. மாணவர்களும் அதற்குக் கதை அனுப்பலாம், பெரியவர்கள் முன்னிலையில் கருத்தும் சொல்லலாம்.

மேடையில் கிடைக்கும் கருத்தும் மேசையில் கிடைக்கும் கருத்தும் ஒன்றல்ல. நம் தமிழ்ச் சமூகம் சின்னது. எழுதுபவருக்குப் படிப்பவரைத் தெரியும், படிப்பவருக்கு எழுதுபவரின் மாமாவைத் தெரியும். நாலு பேர் நடுவில் ‘கதை சரியில்லை’ என்று சொன்னால் அடுத்த கல்யாண வீட்டில் முகம் பார்க்க முடியாது. அதனால் பொது இடத்தில் பாராட்டி, தனியாக முணுமுணுக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. ஏமாந்து போவது எழுதுபவர்தான். கைதட்டல் அவருக்குக் கிடைக்கிறது, கொட்டாவி வந்த இடம் மட்டும் தெரியாமல் போகிறது.

அதற்காக உண்மையைச் சொல்கிறேன் என்று ஆளை நொறுக்குவதும் வேண்டாம். ‘உன் கதை மொக்கை’ என்பது விமர்சனமே இல்லை. அதை வைத்துக்கொண்டு எழுதுபவரால் எந்த வரியையும் திருத்த முடியாது. ‘இரண்டாம் பக்கத்தில் யார் பேசுகிறார் என்று எனக்குக் குழம்பிவிட்டது’ என்பது உதவும். இரண்டுமே கதையில் குறை இருக்கிறது என்றுதான் சொல்கின்றன. இரண்டாவதில் ஓர் இடம் இருக்கிறது, படித்தவருக்கு அங்கே என்ன நேர்ந்தது என்பதும் இருக்கிறது.

கேட்பவரும் கேட்கும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். அது நாசி லெமாக் பற்றிக் கேட்கும் கேள்வி. ‘எந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப் படித்தாய்?’, ‘அண்ணன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் நீங்கள் நினைத்த காரணத்தோடு ஒத்துப்போகாவிட்டால், அந்தக் காரணம் இன்னும் தாளுக்கு வரவில்லை. அந்த நேரத்தில் “இல்ல இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா” என்று தொடங்காமல் வாயை மூடிக்கொண்டு குறித்துக்கொள்வது மிகக் கடினம். கதை அச்சில் வந்தால் ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் நின்று விளக்கம் சொல்ல முடியாது அல்லவா?

சிங்கப்பூரில் எழுதும் நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அது உரையாடல். நம் வீட்டில் பேசும் தமிழில் ஆங்கிலமும் கொஞ்சம் மலாயும் கலந்திருக்கும். கதை எழுத உட்கார்ந்தால் பாத்திரங்கள் திடீரென மேடைப் பேச்சாளர்கள் ஆகிவிடுகிறார்கள். ‘தம்பி, நீ உணவு அருந்திவிட்டாயா?’ என்று எந்த அக்கா கேட்கிறார்? இன்னொரு பக்கம், சென்னைத் திரைப்படத்திலிருந்து எடுத்த பேச்சுமொழியை ஈசூன் அடுக்குமாடி வீட்டில் வைத்துவிடுகிறோம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தோழரிடம் கதையைக் கொடுத்து அவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு தடுக்கும் இடத்தையும் அவர் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பதையும் கவனித்தாலே போதும்.

சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1861ல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு முதலில் எழுதிய முடிவில் நாயகனும் நாயகியும் பிரிந்துவிடுகிறார்கள். அச்சுப்படியைப் படித்த நண்பர், நாவலாசிரியர் புல்வர் லிட்டன், மாற்றச் சொன்னார். இருவரும் சேரக்கூடும் என்று தோன்றும்படி டிக்கன்ஸ் மாற்றினார். அவருடைய இன்னொரு நெருங்கிய நண்பரான ஜான் ஃபார்ஸ்டருக்குப் பழைய முடிவே கதையோடு பொருந்துவதாகப் பட்டது. டிக்கன்ஸ் இறந்த பிறகு எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்தப் பழைய முடிவை அவர் வெளியிட்டார். எது சரி என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. எனக்குப் பழைய முடிவுதான் பிடிக்கும். புல்வர் லிட்டன் தனக்கு எங்கே உறுத்தியது என்று சொன்னதோடு நிறுத்தாமல் மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது.

ஆக்ஸ்ஃபர்டில் ‘இங்க்ளிங்ஸ்’ நண்பர்கள் குழு வாரந்தோறும் கூடித் தங்கள் கைப்பிரதிகளை உரக்கப் படித்தது. டோல்கியன் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ அத்தியாயங்களை அங்கேதான் படித்தார். சி.எஸ். லூயிஸ் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திராவிட்டால் அதை முடித்திருக்கவே மாட்டேன் என்று அவர் பின்னாளில் எழுதினார். அதே லூயிஸ் நார்னியா கதையைக் கொண்டுவந்தபோது டோல்கியனுக்கு அது பிடிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. லூயிஸ் அதைக் கேட்டுக்கொண்டார், 1950ல் புத்தகத்தை வெளியிட்டும் விட்டார். இரண்டும் நடக்கலாம்.

இன்றைக்குக் கதையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுக் கருத்துக் கேட்பது எளிது. எழுத்துப் பிழைகளை அது பிடிக்கும். சில சமயம் கெட்டிக்காரத்தனமாகவும் பேசும். ஆனால் அதற்குக் கொட்டாவி வராது. உங்கள் கதையில் மூழ்கி இறங்க வேண்டிய எம்ஆர்டி நிலையத்தைத் தவறவிடவும் அதனால் முடியாது. போட்டிக்கு அனுப்பும் கதையென்றால் விதிமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோழர் குறை காட்டுவது வேறு, வேறொருவர் அல்லது வேறொன்று எழுதிக் கொடுப்பது வேறு. தேசியக் கலைகள் மன்றத்தின் தங்க முனை விருது போன்ற போட்டிகள் கேட்பது உங்கள் சொந்த எழுத்தை.

தோழரை எங்கே தேடுவது? நெருங்கிய நண்பராக இருக்கத் தேவையில்லை. பல நேரம் நெருங்கிய நண்பர் சரிப்படுவதும் இல்லை. கதை படிக்கிற, தானும் எழுதுகிற ஒருவராக இருந்தால் நல்லது. அப்போது கொடுக்கல் வாங்கல் இருக்கும். இன்று உங்கள் கதையைக் குறை சொன்னவர் நாளை தன் கதையை உங்களிடம் நீட்ட வேண்டும். அந்தப் பயம் இருவரின் நாக்கையும் சரியான அளவில் வைத்திருக்கும். மாதம் ஒரு கதை, தேசிய நூலகத்தில் ஒரு மேசை, ஒரு மணி நேரம். அதற்குமேல் செலவு இல்லை.

நம் மாணவி திருத்திய கதையைத் தோழியிடம் காட்டினார். இந்த முறை தோழி கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “அந்த ரெண்டாவது முழம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பையைத் திறந்தாள். நான்கு பக்கம், கையெழுத்தில்.

“என் கதை. நீயும் நிஜமா சொல்லணும்.”

முதல் வரியில் ஒரு தாத்தா மருத்துவமனையில் படுத்திருந்தார்.