செய்யாதவர் பெயரில் ஓர் இயந்திரம்

மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாளில், விவாதத்துக்கே வராமல் மிஞ்சியவற்றை மக்களவைத் தலைவர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார். நாடாளுமன்ற வழக்கில் இதற்கு ‘கில்லட்டின்’ என்று பெயர். பேச்சை ஒரே வெட்டாக முடிக்கும் இந்த முறை, பிரெஞ்சுப் புரட்சிக் காலத் தலைவெட்டும் இயந்திரத்திடமிருந்து பெயரைக் கடன் வாங்கியது.

பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரே எழுத்துகளில் எழுதும் இச்சொல்லுக்கு மூலம், ஜோசப் இக்னாஸ் கில்லட்டின் என்ற மருத்துவர். அவர் இயந்திரம் எதையும் செய்யவில்லை. அன்றைய பிரான்சில் பிரபுவுக்கு வாள், ஏழைக்குத் தூக்குக்கயிறு. சிலரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்தும் கொன்றார்கள். குற்றம் ஒன்றென்றால் தண்டனையும் ஒன்றாக இருக்கட்டும், வதை இல்லாமல் முடியட்டும் என்று 1789-இல் அவர் தேசிய சபையில் வாதாடினார். அதற்கு ஓர் எளிய கருவி வேண்டும் என்றும் கேட்டார். அவ்வளவுதான்.

வடிவமைத்தவர் அந்துவான் லூயி என்ற அறுவை மருத்துவர். செய்து கொடுத்தவர், ஹார்ப்சிகார்ட் என்ற இசைக்கருவி செய்துவந்த ஜெர்மானியர் டோபியாஸ் ஷ்மிட். இரண்டு மரத்தூண்கள், அவற்றின் உட்புறத்தில் காடி, அதில் வழுக்கி இறங்கும் கனமான கத்தி. நுட்பம் கத்தியின் சாய்விளிம்பில் இருந்தது. அரிவாள்மணையில் காயை இழுத்து நறுக்குவதுபோல, சாய்ந்த விளிம்பு ஒரே சமயத்தில் முழு அகலத்திலும் மோதாமல் அறுத்துக்கொண்டே இறங்கும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸிலும் ஸ்காட்லாந்திலும் இதற்கு முன்பே இத்தகைய கருவிகள் இருந்தன.

1792 ஏப்ரல் 25-இல் பாரிஸில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. தொடக்கத்தில் லூயியின் பெயரால் ‘லூயிசெட்’ என்றும் அழைத்தார்கள். ஆனால் கில்லட்டினின் சபைப் பேச்சைக் கேலிப் பாட்டாக்கிப் பரப்பிய பத்திரிகைகளால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. அவரும் அதிலேயே மாண்டார் என்பது கட்டுக்கதை. 1814-இல் நோயுற்றுத்தான் இறந்தார். இயந்திரமோ 1977 வரை பிரான்சில் வேலை செய்தது. 1981-இல் அந்நாடு மரண தண்டனையையே ஒழித்தது.

அச்சகத்தில் காகிதக் கட்டுகளை வெட்டும் இயந்திரத்துக்கும் ஆங்கிலத்தில் கில்லட்டின் என்றே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘மாசிக்கோ’ என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அதை உருவாக்கிய கியோம் மாசிக்கோவின் பெயர் அது. காகிதம் வெட்டுவதிலாவது, பெயர் உரியவருக்கே போய்ச் சேர்ந்தது.