புட்டிக்குள் புழு வந்தது எப்படி?



மீன் கழிவைக் குப்பையில் போட்டால், சில நாளில் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளியும். அது எங்கிருந்து வருகிறது? அழுகும் இறைச்சியே புழுவாகிறது என்று அந்தக் காலத்துப் பெரிய அறிஞர்கள்கூட நம்பினார்கள். சிரிக்காதீர்கள்! கண்ணால் கண்டதைத்தானே சொன்னார்கள்?

இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்று ஒரு மருத்துவர் இருந்தார். அவருக்கு ஈக்கள் மேல் சந்தேகம். புழு வருவதற்கு முன்னால் ஈ மொய்க்கிறதே!

பாம்பு, மீன், விலாங்கு, கன்றின் இறைச்சி எல்லாவற்றையும் 4 புட்டிகளில் போட்டு இறுக மூடினார். இன்னும் 4 புட்டிகளில் அதே பொருள்களைப் போட்டுத் திறந்து வைத்தார். திறந்தவற்றில் ஈ போய் வந்தது, புழு நெளிந்தது. மூடியவற்றில் ஒரு புழுவும் இல்லை.

"ஈதான் காரணம்!" என்று கத்துகிறீர்களா? பொறுங்கள், பொறுங்கள். மூடி தடுத்தது ஈயை மட்டும்தானா?

சபாஷ், கண்டுபிடித்துவிட்டீர்கள். காற்றையும் தடுத்தது! பட்டத்தின் வாலையும் மாற்றி, நூலையும் மாற்றினால், எதனால் உயரப் பறந்தது என்று சொல்ல முடியுமா? அதே சிக்கல்தான் இங்கேயும்.

ரெடி விடவில்லை. புட்டியின் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டினார். காற்று நுழையும், ஈ நுழையாது. வாசனைக்கு ஈக்கள் வந்து துணிமேல் உட்கார்ந்தன. துணியின் மேலே புழுக்கள் தென்பட்டன. உள்ளே இறைச்சியில்? ஒன்றுகூட இல்லை! எனக்கு அவர் செய்ததிலேயே மிகவும் பிடித்தது இந்தத் துணிதான். 1668இல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார்.

சரி, இதிலிருந்து என்ன சொல்லலாம்? இறைச்சி தானாகப் புழுவாவதில்லை என்று சொல்லலாம். எந்த உயிருமே தானாகத் தோன்றாது என்று சொல்லலாமா? கூடாது. அவ்வளவுக்கு இந்தப் புட்டிகள் சாட்சி சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஓக் மரத்தின் புடைப்புகளுக்குள் இருக்கும் பூச்சியை மரமே உண்டாக்குகிறது என்று அதே ரெடி நம்பினார்! பூச்சி இட்ட முட்டைதான் காரணம் என்று பிறகு மால்பீகி என்ற இன்னொரு இத்தாலிய மருத்துவர் காட்டினார்.

நம் ஊர் மாவிலையிலும் சின்னச் சின்னப் புடைப்புகள் உண்டு. சில இலைகளைப் பறித்து வாருங்கள். உள்ளே என்ன இருக்கும் என்ற உங்கள் ஊகத்தை முதலில் நோட்டில் எழுதுங்கள். பிறகு புடைப்பைப் பெரியவர்களிடம் கொடுத்து நறுக்கச் சொல்லி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓட்டை விழுந்த புடைப்பு காலியாக இருக்கிறதா? அப்படியானால் உள்ளே இருந்தது எங்கே போயிருக்கும்? கண்டதையும், அதிலிருந்து முடிவு செய்ததையும் தனித்தனியாக எழுதி எனக்கு அனுப்புங்கள்.