ஆப்டிமஸ் பிரைம் எத்தனை முறை இறந்தான்?

ஒரு பொம்மை லாரி. நாலைந்து இடங்களில் மடக்கித் திருப்பினால் நிமிர்ந்து நிற்கும் ரோபோ. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வரிசையின் ஆப்டிமஸ் பிரைமை நீங்கள் திரைப்படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இந்த ரோபோக்களைப் படைத்தது யார் என்று இரண்டு ரசிகர்களைக் கேளுங்கள். இரண்டு பதில்கள் வரும். இரண்டுமே சரியாக இருக்கலாம்! எப்படி?

இங்கே கதைக்கு முன்பே பொம்மைகள் பிறந்துவிட்டன. ஜப்பானின் டக்காரா நிறுவனம் இரண்டு வரிசைகளை விற்றுவந்தது. 'டயாக்ளோன்' வரிசையில் கார்களும் லாரிகளும் உருமாறின. அவற்றுக்கு உயிர் கிடையாது. குட்டி மனிதர்கள் உள்ளே அமர்ந்து ஓட்டுவார்கள். 'மைக்ரோ சேஞ்ச்' வரிசையிலோ கைத்துப்பாக்கி, கேசட் பிளேயர் போன்றவை. இரண்டுக்கும் கதையில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இரண்டையும் கலந்து ஒரே பெயரில் விற்றபோது, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஒரு கயிறு வேண்டியிருந்தது. மார்வெல் படக்கதை நிறுவனத்தின் ஜிம் ஷூட்டர், சைபர்ட்ரான் என்ற கோளில் நடக்கும் போரை அடிப்படைக் கதையாக எழுதினார். பாப் புடியான்ஸ்கி பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் தந்தார். ஓட்டுநர்கள் இறங்கிவிட்டார்கள், இயந்திரங்களுக்கே உயிர் வந்துவிட்டது.

முடிச்சுப் போட்ட இடம் இன்றும் தெரிகிறது. வில்லன் மெகாட்ரான் ராட்சத உருவம் கொண்டவன்; துப்பாக்கியாக மாறினாலோ ஒரு கைக்குள் அடங்கிவிடுவான். மீதி நிறை எங்கே போயிற்று? விடை பௌதிகத்தில் இல்லை. நிஜ அளவில் செய்த துப்பாக்கிப் பொம்மையும், பல மடங்கு சுருக்கிய லாரிப் பொம்மையும் ஒரே கடைத் தட்டில் வந்து சேர்ந்ததுதான் காரணம்.

படக்கதையும் தொலைக்காட்சி கார்ட்டூனும் 1984இலேயே தொடங்கின. ஆனால் தனித்தனி வழியில் போயின. ரோபோக்களைப் படைத்தவர் படக்கதையில் பிரைமஸ் என்ற தெய்வம். கார்ட்டூனில் குவின்டெசன் என்ற வேற்றினத்தார், அதுவும் விற்பனைச் சரக்காக! ஆப்டிமஸின் மரணமும் இரண்டு விதம். 1986 திரைப்படத்தில் அவன் போரில் மடிந்தான். புதுப் பொம்மைகளுக்கு இடம் வேண்டுமே! குழந்தைகள் கலங்கிப்போனதால் 1987இல் கார்ட்டூனில் உயிர்ப்பித்தார்கள். படக்கதையிலோ, ஒரு கணிப்பொறி விளையாட்டில் வெல்வதற்காக அதன் கற்பனை உயிர்களைப் பலியாக விட்டான். அது முறைகேடு என்று தன்னையே அழிக்கச் சொன்னான். எனக்கு இந்த மரணமே பெரிதாகப் படுகிறது.

இவை முரண் அல்ல, இரண்டு மரங்கள். ஒரு மரத்துக்குள் நடந்தது நடந்ததுதான். இறந்தவன் காரணமின்றி மறு வாரம் வர முடியாது. இதைத்தான் கதைத் தொடர்ச்சி என்கிறார்கள். மரம் கிளையும் விடும். 1987இல் அமெரிக்கக் கார்ட்டூன் மூன்று பகுதிகளோடு முடிந்தது. ஜப்பானியர் அவற்றை ஒதுக்கிவிட்டு, அதுவரை நடந்த கதையிலிருந்து 'ஹெட்மாஸ்டர்ஸ்' என்ற தனித் தொடரை வளர்த்தார்கள். உயிரியலில் பொது மூதாதை என்று படிக்கிறோமே, ஏறக்குறைய அதேதான்.

2007இல் வந்த திரைப்படம் புது விதை. பழைய கதை எதையும் அது தொடரவில்லை. ஆனால் 1996இல் தொடங்கிய 'பீஸ்ட் வார்ஸ்' வேறு வகை. விலங்குகளாக உருமாறும் புதிய ரோபோக்கள், பெயர் தெரியாத ஒரு கோள். பழைய கதைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் நகர்ந்தது. பிறகுதான் குட்டு வெளிப்பட்டது: அந்தக் கோள் ஆதிகாலப் பூமி! எரிமலைக்குள் ஒரு விண்கலம். அதில் 1984 கதையின் ஆப்டிமஸ் இன்னும் விழிக்காமல் உறங்குகிறான். வில்லன் உள்ளே புகுந்து அவன் தலையைக் குறிவைத்துச் சுடுகிறான். ஆப்டிமஸ் இறந்தால், சிறுவயதிலிருந்து ரசிகர்கள் பார்த்த போர் எதுவுமே நடந்திருக்காது.