தார்: பழசா, புதுசா? நீலகிரி மலைப்பாதைக்கு எது செட் ஆகும்?

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கூரையைத் திறந்துவிட்டு, முகத்தில் குளிர்காற்று அடிக்க வண்டி ஓட்ட வேண்டும். இந்த ஆசைக்கு வெளிநாடுகளில் ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்கள் இருக்கின்றன. நம்ம ரோட்டுக்கும் நம்ம பட்ஜெட்டுக்கும் கிடைத்தது மஹிந்திரா தார்.

வாங்கலாம் என்று முடிவெடுத்ததுமே அடுத்த குழப்பம் ஆரம்பிக்கும். 2010-ல் வந்த பழைய தாரை செகண்ட் ஹேண்டில் எடுப்பதா, 2020-ல் வந்த புதிய தலைமுறைக்குப் போவதா? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓட்டப்போகிறவர்களுக்கு இதில் ஸ்டைலைத் தாண்டி யோசிக்க நிறைய இருக்கிறது.

ரெண்டும் ஒரே வண்டிதானே?

பெயர் ஒன்று, வண்டி வேறு. மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்களை இந்தியாவில் அசெம்பிள் செய்யத் தொடங்கியது. அந்த ஜீப் பரம்பரையின் தோற்றத்தோடு 2010 அக்டோபரில் வந்ததுதான் முதல் தார். அதன் சிஆர்டிஇ மாடலில் 2.5 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின், 105 குதிரைத்திறன், 5 கியர். பின்பக்கம் லாரி மாதிரி பட்டை (லீஃப்) ஸ்பிரிங். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததோடு அதன் காலம் முடிந்தது.

2020 அக்டோபர் 2-ம் தேதி விற்பனைக்கு வந்த புதிய தாரில் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் (150 குதிரைத்திறன்), 2.2 லிட்டர் டீசல் (130 குதிரைத்திறன்) என ரெண்டு இன்ஜின்கள். மேனுவல், ஆட்டோமேட்டிக் ரெண்டிலும் 6 கியர். பின்பக்கம் காயில் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கும்போது பழைய தார் தூக்கிப் போடும். புதியது அந்த அதிர்ச்சியைப் பெருமளவு உள்வாங்கிக்கொள்ளும்.

கொண்டை ஊசி வளைவில் என்ன வித்தியாசம்?

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி போவதற்குள் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுவோம். உயரம் கூடக் கூட காற்றின் அடர்த்தி குறையும், டர்போ இல்லாத இன்ஜின் திணறும். பழைய சிஆர்டிஇ, புதிய தார் ரெண்டிலும் டர்போ இருப்பதால் ஏறுவதில் பெரிய சிக்கல் இல்லை.

வித்தியாசம் தெரிவது டிராஃபிக்கில். சீசன் நேரத்தில் பர்லியாறுக்கு மேலே ஏற்றத்தில் நின்று நின்று போகும்போது, பழைய தாரில் கிளட்ச், பிரேக், ஹேண்ட் பிரேக் மூன்றையும் கால் கையால் சமாளிக்க வேண்டும். புதிய தாரின் ஹில் ஹோல்டு உள்ள வேரியன்ட்களில், பிரேக்கில் இருந்து காலை எடுத்தாலும் சில நொடிகள் வண்டி பின்னால் உருளாது.

பழசுக்கு ஒரு பிளஸ் உண்டு. புதியது சுமார் 10 செ.மீ. கூடுதல் அகலம். மெயின் ரோட்டில் இது தெரியாது. எதிரே இலை ஏற்றிய பிக்கப் வரும் எஸ்டேட் ரோட்டில் நன்றாகவே தெரியும். ஆனால் குண்டும் குழியுமான பாதையில் புதியதே முந்துகிறது: கிரவுண்ட் கிளியரன்ஸ் பழையதில் 200 மி.மீ., புதியதில் 226 மி.மீ.

இறக்கத்தில் எந்தத் தலைமுறையும் மாயம் செய்யாது. கல்லட்டி பாதையின 36 வளைவுகளில் விபத்துகள் தொடர்ந்ததால்தான் வெளியூர் வண்டிகள் கீழே இறங்க அங்கே அனுமதி இல்லை. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற மலை டிரைவர்களின் விதி ரெண்டு தாருக்கும் பொருந்தும். இன்னொன்று: ரெண்டும் பார்ட்-டைம் ஃபோர்-வீல் டிரைவ். காய்ந்த தார் ரோட்டின் வளைவுகளில் ஃபோர்-வீலைப் போட்டு ஓட்டினால் கியர், ஆக்ஸில் பாகங்கள் இறுகித் தேயும். சேறு, ஈரமண், பாறைக்கு மட்டுமே அது.

பாதுகாப்பில் யார் முன்னால்?

இங்கே போட்டியே இல்லை. பழைய தாரில் ஏர்பேக் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்கே 2019-ல்தான் வந்தது. பின் சீட்கள் ஒன்றையொன்று பார்த்தபடி பக்கவாட்டில் இருக்கும். மோதினால் அதில் உட்கார்ந்திருப்பவரைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. குழந்தைகளை அங்கே உட்கார வைத்து காட் ரோட்டில் போவது பெரிய ரிஸ்க்.

புதிய தாரில் ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ், ரோல் கேஜ், முன்னோக்கிய பின் சீட்கள் உண்டு. குளோபல் என்கேப் 2020 நவம்பரில் சோதித்து, பெரியவர்கள், குழந்தைகள் ரெண்டு பிரிவிலும் 4 ஸ்டார் கொடுத்தது. ஆரம்பத்தில் சில வேரியன்ட்கள் பக்கவாட்டு சீட்டுடன் விற்கப்பட்டன. செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திறந்த கூரை நீலகிரிக்குச் சரிவருமா?

தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கும் மேல் மழை பெய்தது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. கூரையைத் திறந்து ஓட்டக் கிடைக்கும் நாட்கள் நினைப்பதைவிடக் குறைவு.

துணிக் கூரையில் பிளாஸ்டிக் ஜன்னல் மங்கும், ஜிப் வழியே தண்ணீர் கசியும். நிறுத்திவிட்டுப் போனால் குரங்கும் கத்தியும் ஒன்றுதான். 2023-ல் வந்த ரியர்-வீல் டிரைவ் தார் ஹார்டு டாப்பில் மட்டுமே வந்தது. 2024-ல் வந்த 5 கதவு தார் ராக்ஸிலும் துணிக் கூரை இல்லை. ஆகவே துணிக் கூரைதான் வேண்டும் என்றால் வேரியன்ட் பட்டியலைப் பார்த்த பிறகே ஷோரூமுக்குப் போகணும்.

பழசு வாங்கினால் பேப்பரில் என்ன பார்க்கணும்?

- ஆர்சி வயது: தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். பிறகு தகுதிச் சோதனை முடித்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2010-11 வண்டிகள் இந்தக் கட்டத்தை எட்டிவிட்டன.
- மாற்றங்கள்: வெளியில் கட்டிய ஹார்டு டாப், ராட்சத டயர், முன்பக்க இரும்புக் கம்பி எல்லாம் பழைய தார்களில் சகஜம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பக்கக் கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டது. எஃப்சி நேரத்தில் மாட்டுவது வாங்கியவர்தான்.
- பதிவு எண்: டிஎன் 43 நீலகிரி வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். கோவை வண்டியை வாங்கி ஊட்டியில் வைத்துக்கொள்ள நினைத்தால் முகவரியை மாற்றிவிடுவது நல்லது.
- துரு: ஈரத்திலும் பனியிலும் கிடந்த வண்டியின் சேசிஸ், தரைத்தகடு ரெண்டையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

டீசலா, பெட்ரோலா?

பிஎஸ்6 டீசலில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய, வண்டி சூடாகித் தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் குளிரில் ரெண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் போய் வருபவருக்கு அந்த வடிகட்டி அடைக்கலாம். அவருக்கு பெட்ரோல் நல்லது. அடிக்கடி சமவெளிக்கு இறங்கி ஏறுபவருக்கு டீசல் பிரச்சினை இல்லை.

அப்போ யாருக்கு எது?

வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, தனியாகவோ ஒரு நண்பருடனோ வார இறுதியில் மெதுவாக ஓட்டணும், மெக்கானிக் வேலையும் பிடிக்கும் என்றால் பழைய தார் சந்தோஷம் தரும். அப்போதும் ஏபிஎஸ் உள்ள 2019 வண்டியைத் தேடுங்கள். குடும்பத்துக்கு இருக்கும் ஒரே வண்டி, பின் சீட்டில் பிள்ளைகள், தினசரி காட் ரோடு என்றால் புதியதுதான். பழையதில் மிச்சமாகும் பணத்தால் ஏர்பேக்கைப் பிறகு வாங்கிப் பொருத்த முடியாது.