விசுவமடுவுக்கு எத்தனை எழுத்து?

‘விசுவமடு’ என்று எழுதிப் பாருங்கள். நமக்கு ஐந்து எழுத்து. இணைய உலாவிக்கு எட்டு. ‘வி’யை வகரம், இகரக்குறி என்று இரண்டாகவும், ‘சு’வையும் ‘டு’வையும் அப்படியே இரண்டிரண்டாகவும் அது எண்ணுகிறது. ஊர்ப்பெயர் எழுதும் பெட்டிக்கு ‘மக்ஸ்லெங்த்’ ஐந்து என்று ஒருவர் வரம்பு போட்டால், அதற்குள் ‘விசுவ’ மட்டும்தான் அடங்கும். நீளமான தமிழ்ப் பெயர்கள் இணையப் படிவங்களில் பாதியில் வெட்டுப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.ரி.எம்.எல்.இன் 2.0 வரையறை 1995 நவம்பரில் வெளியானபோதே படிவத்துக்கான குறிகள் அதில் இருந்தன. மின்னஞ்சல், தொலைபேசி, திகதி என்று தனித்தனிப் பெட்டி வகைகளை 2014இல் எச்.ரி.எம்.எல். 5 நியமமாக்கியது. இன்று உயர்தர ஐ.சி.ரி. படிக்கும் பிள்ளை சில வரிகளில் ஒரு போம் எழுதிவிடலாம். யாரை மனதில் வைத்து எழுதுவது என்பதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரத்து விசுவமடுவையே எடுத்துக்கொள்வோம். 2009இல் போரால் இவ்வழியே இடம்பெயர்ந்த சனத்தில் பலர் ஆவணங்களைத் தொலைத்தவர்கள். மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், உதவித்தொகை என்று அதன்பின் அவர்கள் நிரப்பாத போம் இல்லை. அவர்களுக்காக ஒரு படிவம் எழுதினால் அது எப்படி இருக்க வேண்டும்?

பெயர்

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வேண்டாம். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. குடும்பப்பெயர்ப் பெட்டியில் ‘ரிக்வயர்ட்’ போட்டுக் கட்டாயமாக்கினால், ஒரு பெண் ஓரிடத்தில் தகப்பன் பெயரையும் இன்னோரிடத்தில் கணவன் பெயரையும் எழுதுவார். பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க அலைய வேண்டும். ‘முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி’ என்று ஒரு பெட்டி போதும்.

அடையாள அட்டை

பழைய அட்டைக்கு ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வரும் புதியதற்குப் பன்னிரண்டு இலக்கம். இலக்கத்தின் வடிவத்தைச் சரிபார்க்கும் ‘பற்றேன்’ பண்பில் இரண்டுக்கும் இடம் வேண்டும். இல்லாவிட்டால் பழைய அட்டை வைத்திருக்கும் முதியவரைப் படிவம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

பழைய இலக்கம் 75641 என்று தொடங்கினால் அவர் 1975 மே 20இல் பிறந்த பெண். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணுக்கு அதோடு 500 கூட்டப்படும். 641இல் 500 போக 141. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எடுக்கும் அந்தக் கணக்கில் அது மே 20. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பவர் வயதையும் பாலையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார். உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் கேட்க வேண்டும். சேகரிக்கும் விவரம் நோக்கத்துக்கு வேண்டிய அளவுதான் இருக்கலாம் என்ற கொள்கையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்றிருக்கிறது.

மணநிலை

திருமணமானவர், ஆகாதவர், விதவை, விவாகரத்தானவர். நான்கில் ஒன்றைத் தொட்டால்தான் படிவம் நகரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவரைக் காணாமல் தேடிக்கொண்டிருக்கும் பெண் எதைத் தொடுவார்? ‘விதவை’யைத் தொடச் சொல்வது, அவர் ஒப்புக்கொள்ளாத ஒரு மரணத்தை அவர் கையாலேயே எழுதவைப்பது. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று உறுதிசெய்யும் சான்றிதழ் வழங்க 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. ‘துணையைக் காணவில்லை’, ‘சொல்ல விரும்பவில்லை’ என்று இன்னும் இரண்டு தெரிவுகளைச் சேர்க்க இரண்டே வரிதான் செலவு.

கொமினிகேசன் கடை

வீட்டில் கணினி இல்லாதவர்கள் கடையில் கொடுத்துத்தான் போம் நிரப்புகிறார்கள். படிவம் ‘கெற்’ முறையில் அனுப்பப்பட்டால், எழுதிய விவரம் எல்லாம் இணைய முகவரியோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கணினியின் வரலாற்றுப் பதிவில் தங்கிவிடும்; அடுத்து வருபவர் பார்க்கலாம். ‘போஸ்ற்’ முறை அதைத் தடுக்கும். வழியில் யாரும் ஒற்றுப் பார்க்காமலிருக்க, தளமும் குறியாக்கப்பட்ட இணைப்பில் இருக்க வேண்டும்.

தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும், எழுத்தாகவே சேமியுங்கள். பெட்டிக்கு ‘ரெல்’ வகை கொடுத்தால் கைபேசியில் இலக்கப் பலகை தானாக வரும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ‘லேபிள்’ கட்டாயம். போரில் பார்வை இழந்தவருக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் வாசித்துச் சொல்லும். விரல்கள் இல்லாதவர் சின்னப் பெட்டியைக் குறிபார்க்கத் தேவையில்லை. லேபிளைத் தொட்டாலே பெட்டி திறக்கும்.

படிவம் எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடித்த கையோடு அதை உங்கள் அம்மம்மாவிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடமெல்லாம் நீங்கள் திருத்த வேண்டிய இடம். வன்னிச் சனம் இதுவரை மற்றவர்கள் எழுதிய கேள்விகளுக்கே பதில் சொல்லி வந்திருக்கிறது. இனிக் கேள்வியை எழுதும் கை உங்களுடையது. உங்கள் ஊரில் ஒருவர்கூட வெளியே நிற்காதபடி எழுதுங்கள்.